ஜவ்வாது மலை: வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை, மலை இருக்கு மரம் இல்லை. இதில் சாமி மட்டும் 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மரமில்லாத மலை என்று சொல்வது ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகளை. மரம் உள்ள மலை அப்படியே தென்மேற்கே போனால் இருக்கிறது. எனக்கு வீடு கணியம்பாடிப் பக்கம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தினமும் கண்ணில் படுகிற மலை அது. ஆனாலும் ஊரில் பாதிப் பேர் ஊட்டிக்கு நாலு முறை போயிருப்பார்கள், இங்கே ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார்கள். போய்வந்தேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜவ்வாது மலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

மூன்று மாவட்டங்களில். ஒரு காலத்தில் எல்லாமே வட ஆற்காடு. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. அதோடு மலையும் துண்டு துண்டாகப் போயிற்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடும் காவலூரும் திருப்பத்தூருக்கு, ஒடுகத்தூருக்கு மேலே இருக்கும் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகள் வேலூருக்கு. ஒரே மலையில் அண்ணன் ஒரு கலெக்டரிடமும் தம்பி இன்னொரு கலெக்டரிடமும் மனு கொடுக்க வேண்டியிருக்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. ஒரு பக்கம் சுமார் 80 கி.மீ., இன்னொரு பக்கம் 32 கி.மீ. என்று கணக்குச் சொல்வார்கள். உயர்ந்த சிகரங்கள் 1,100 மீட்டரைத் தாண்டும். செய்யாறும் அகரம் ஆறும் நடுவில் வெட்டிக்கொண்டு போவதால் கிழக்கு ஜவ்வாது, மேற்கு ஜவ்வாது என்று இரண்டாகச் சொல்வதும் உண்டு. இரண்டு ஆற்றுத் தண்ணீரும் கடைசியில் பாலாற்றுக்குத்தான். தண்ணி இல்லாத ஆறு என்று நாம் கிண்டல் செய்யும் அந்த ஆற்றுக்கு நம் பக்கத்திலிருந்து பங்கு கொடுக்கிற மலை இது.

வெப்பமண்டல மலை என்கிறார்கள். அப்படியானால் அங்கேயும் வேலூர் வெயில்தானா?

வெப்பமண்டலம் என்பதற்குச் சூரியன்தான் சாட்சி. மலை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில். அதனால் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 23, 24 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 19, 20 வாக்கில் ஒருமுறை, உச்சிப் பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வரும். ஒரு கம்பை நட்டுவைத்தால் நிழல் காலடியிலேயே காணாமல் போய்விடும்.

மற்றபடி கீழே நாற்பது டிகிரி கொளுத்தும் நாளில் மேலே மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். பகலில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ராத்திரியில் தெரியும். மார்கழி, தை மாதங்களில் கம்பளி இல்லாமல் போய் நடுங்கினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மரம் இருக்கிறது என்கிறீர்கள். நான் போனபோது எல்லாம் மொட்டையாக இருந்ததே?

பங்குனி, சித்திரையில் போயிருப்பீர்கள். இங்கே பெரும்பகுதி இலையுதிர் காடு. மாசி பிறந்தால் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் தாண்டும் வரை மரங்கள் கிளையும் பட்டையுமாக நிற்கும். செத்த காடு மாதிரிதான் தெரியும். இரண்டு மழை விழட்டும், அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், வழி தெரியாது.

மரத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஜமுனாமரத்தூர், பலாமரத்தூர், அத்திமரத்துக்கொல்லை, அத்திப்பட்டு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. பாதி ஊருக்கு மரத்தின் பெயர், மீதியில் பலவற்றுக்குக் கொல்லை. கொல்லை என்றால் அங்கே வானம் பார்த்த மேட்டு நிலம்.

மலையில் வசிப்பவர்கள் மலையாளிகள் என்கிறார்களே. கேரளாவிலிருந்து வந்தவர்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் மலையாளி. தாய்மொழி தமிழ். நம் வட ஆற்காட்டுத் தமிழைக் கேட்டுப் பழகியவருக்கு அவர்கள் பேச்சில் ஒன்றும் தடுமாற்றம் வராது. சில சொற்கள் நம் தாத்தா காலத்தில் கேட்டவையாக இருக்கும். ஆண்களைக் 'கவுண்டரே' என்று கூப்பிடுவது வழக்கம்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அதில் மலையாளிகள் மட்டும் சுமார் 3.58 லட்சம். அதாவது மாநிலத்திலேயே பெரிய பழங்குடி இவர்கள்தான். ஜவ்வாது மட்டுமல்ல, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலை, பச்சை மலை என்று பரவியிருக்கிறார்கள்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்குச் சுவையான ஒரு சங்கதி. வட ஆற்காடு மாவட்டம் வரைபடத்திலிருந்து போய் முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. ஆனால் பழங்குடிப் பட்டியலில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று எழுதியிருக்கும். இந்தப் பெயர்கள் வெறும் அலங்காரம் இல்லை. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் இதே மக்கள் இருக்கிறார்கள். பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பெயர் அந்த வரியில் இல்லாததால் அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெரிய போராட்டமாகவே இருந்துவருகிறது. ஒரே குலம், ஒரே பேச்சு, இங்கே பழங்குடி, அங்கே இல்லை. மாவட்ட எல்லைக் கோடு போடுகிறவருக்கு அது எங்கெல்லாம் போய் இடிக்கும் என்று தெரியாது.

அவர்கள் எங்கிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்?

காஞ்சிபுரத்திலிருந்து. எல்லா மலைகளிலும் கதை கொஞ்சம் மாறும், ஆனால் காஞ்சிபுரம் மாறாது. ஜவ்வாது மலைக்கென்று ஒரு கதை ஆங்கிலேயர் காலத்திலேயே எழுத்தில் ஏறியிருக்கிறது.

கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். ஏளனமாக மறுத்துவிட்டார்கள். வேடர்கள் கோபத்தில் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். போகும்போது மனைவிகளிடம், "நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாறு. வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்திவிட்டு, முடியாமல் திரும்பி ஊருக்கே ஓடிவிட்டன. ஆண்கள் போய் வேடர்களைக் கொன்று, வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தால், வீட்டில் காரியம் முடிந்திருக்கிறது. மனைவிகள் தாலி அறுத்தாயிற்று. உயிரோடு வந்து நின்றவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலையேறி உழவு செய்ய ஆரம்பித்தார்கள்.

இது நடந்ததாகச் சொல்லும் சக வருடம் 1055, நம் கணக்கில் கி.பி. 1130களில் வருகிறது. வரலாறா என்று கேட்டால் கதை. ஆனால் எனக்கு அந்த நாய்கள் திரும்பும் இடம் மறக்கவில்லை. பாலாற்றில் பாதி வரை நீந்தித் திரும்ப வேண்டிய அளவு தண்ணீர்! 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். அன்றுதான் இந்தக் கதையை நம்பலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது.

அதற்கு முன்னால் அங்கே ஆள் இல்லையா?

நிறையவே இருந்திருக்கிறார்கள். மலையில் சில இடங்களில் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிவைத்த பெருங்கற்காலச் சின்னங்கள். குள்ள மனிதர்கள் கட்டிக்கொண்ட வீடு என்று கதை சொல்வார்கள். அதற்கும் முந்தைய புதிய கற்காலக் கோடரிகள் கொல்லையில் ஏர் ஓட்டும்போது கிடைக்கும். வழவழவென்று தேய்த்த கல். கிடைத்தவர் அதைத் தூக்கிப் போடமாட்டார். மரத்தடியில் வைத்துப் பொட்டு வைத்துவிடுவார். அப்படிச் சாமியாகிவிட்ட கோடரிகள் திருப்பத்தூர்ப் பக்க மலை ஊர்களில் இருக்கின்றன. மலையடிவாரத்தில் செங்கம், திருப்பத்தூர் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனின் கல், இன்றைக்கு வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கும்.

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இந்தப் பக்கத்துப் பாட்டுத்தான். 583 அடி. செங்கண்மா என்ற ஊரை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. அந்தச் செங்கண்மா இன்றைய செங்கம், அதில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு, நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள். எந்த வழியில் என்ன விலங்கு, எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போகும். செல்போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு போய் ஒருமுறை ஒரு கேழ்வரகுக் கொல்லையில் முடிந்த பாதையில் நின்றேன். அன்றைக்கு அந்தப் புலவர் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையில் என்ன விளைகிறது? சாமை என்று எல்லோரும் சொல்கிறார்களே.

சாமைதான் மலையின் பயிர். கூடவே கேழ்வரகு, தினை, துவரை, கொள்ளு, மொச்சை, ஓடைப் பக்கம் நெல். ஆடி மழைக்கு முன்பின்னாகத் தூவிவிட்டால், சரிவில், கல்லுக்கு நடுவில்கூட சாமை வந்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம். அப்புறம் ஏன் சாப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்றால், அதன் உமி காரணம்.

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு ஆயா சாமை குத்துவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தரையோடு பதித்த கல் உரல். இரண்டு கை சாமை போட்டு உலக்கையால் குத்துவார். முறத்தில் அள்ளிப் புடைப்பார். உமி பறக்கும். கை விட்டுப் பார்த்து, "இன்னும் போகல" என்று மறுபடி உரலில் போடுவார். மறுபடி புடைப்பு. இப்படி மூன்று நடை. முறத்தின் ஓரத்தில் கடைசியாகச் சேர்ந்த அரிசி, ஒரு குழம்புக் கிண்ணம் நிறையாது. கடுகை விடக் கொஞ்சம் பெரிய மணி, வெளிறிய நிறம். உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். உலக்கை பிடிக்கும் இடத்தில் காய்ப்பு காசு மாதிரி தடித்திருந்தது. "ரேஷன் அரிசி வந்தப்புறம் எங்க மருமக இதத் தொடமாட்டா, கண்ணு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மருமகள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது.

இப்போது உமி நீக்கும் மிஷின்கள் வந்துவிட்டன. விவசாயிகளே கூட்டாகச் சேர்ந்து சாமை அரிசியாக்கி விற்கிறார்கள். நகரத்தில் சர்க்கரைக்காரர்கள் சாமைக்கு மாறியதில், ஒருகாலத்தில் இல்லாதவன் சாப்பாடு என்று பெயர் வாங்கிய தானியம் பொன்னி அரிசியை விட விலை ஏறிவிட்டது. வாங்கினால் பொங்கலாக முதலில் செய்து பாருங்கள். சோறாக வடித்தால் மொச்சைக் குழம்பு வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும்.

சந்தனக் காடு என்கிறார்களே, சந்தன மரத்தைப் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், ஆனால் இளமரங்களைத்தான். பெரிய மரங்கள் வெகுகாலத்துக்கு முன்பே திருடர்களும் ஒப்பந்தக்காரர்களுமாகக் காலி செய்துவிட்டார்கள். திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு இருந்ததும், ஏலத்துக்கு வடநாட்டிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்ததும் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

சந்தனம் பார்ப்பதற்குச் சாதுவான மரம். மண்ணுக்குக் கீழே வேறு கதை. அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு அதிலிருந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்சும். பாதி ஒட்டுண்ணி. தனியாகக் கன்று வைத்தால் தேறாது, துணைக்குத் துவரையோ வேறு செடியோ வைக்க வேண்டும். வாசனை நடுவயிரத்தில்தான் இருக்கிறது. அது சேர இருபது முப்பது வருடம் ஆகும். வெள்ளைப் பகுதியை முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்துபோகாதீர்கள்.

செம்மரம் வேறு. அது ஆந்திராவில் சேஷாசலம் மலையில். அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஜவ்வாது மலைக்கும் செம்மரத்துக்கும் உள்ள தொடர்பு துக்கமானது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதி அருகே நடந்த துப்பாக்கிச்சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கோடரி பிடிக்கத் தெரிந்த கைக்கு மலையில் வேலை இல்லை. கீழே தரகன் இருக்கிறான். செம்மரக் கட்டை எந்த நாட்டுக்குப் போகிறது, அதில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பது வெட்டியவனுக்குக் கடைசிவரை தெரியாது.

காட்டிலிருந்து வேறு என்ன எடுக்கிறார்கள்?

புளி, தேன், நெல்லிக்காய், சீத்தாப்பழம், பலா, கடுக்காய். ஐப்பசி வாக்கில் போளூர், ஆலங்காயம் சாலையோரத்தில் சீத்தாப்பழக் கூடைகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கியவைதான்.

கடுக்காய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் வட்டாரமே தோலில் பிழைக்கிறது. குரோமியம் உப்பு வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். இரண்டுமே காட்டுச் சரக்கு. சுற்றிலும் அந்தச் சரக்கு கொடுக்கும் காடு, கீழே பாலாற்றுத் தண்ணீர், வழியில் மதராஸ் போகும் ரயில். தோல் தொழில் இங்கே வேர் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

காவலூரில் அப்படி என்ன பார்த்தார்கள்?

வைணு பாப்பு வானோக்கு நிலையம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில், 725 மீட்டர் உயரத்தில். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தென்னிந்தியாவில் இடம் தேடியபோது இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நாம் குறையாகச் சொல்லும் அதே விஷயங்கள். பக்கத்தில் பெரிய ஊர் இல்லை, விளக்கு இல்லை, புகை இல்லை. தெற்கே இருப்பதால் தென்வானமும் தெரியும். டில்லியிலிருந்து பார்த்தால் தெற்குச் சிலுவை முழுதாக எழாது. இங்கே சித்திரை, வைகாசி ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே வெறுங்கண்ணாலேயே நாலு நட்சத்திரமும் தெரியும்.

முதலில் வந்தது 38 செ.மீ. தொலைநோக்கி. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. அதே வருடம் வியாழனின் துணைக்கோள் கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை இங்கிருந்து பார்த்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதாகத் தடயம் கண்டார்கள். 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்தது. உலகின் பல இடங்களில் பார்த்தார்கள், காவலூரிலும் பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகுக்குத் தெரிந்தது அன்றைய கவனிப்புகளால்தான். 1988 பிப்ரவரி 17ஆம் தேதி இங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர், எண் 4130.

பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம். 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982இலேயே இறந்துவிட்டார். அதனால்தான் தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் அவர் பெயர்.

பொதுமக்களுக்கு வழக்கமாகச் சனிக்கிழமைதான். கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள். தைக்குப் பிறகு சித்திரை வரை வானம் தெளிவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாம் என்ற நினைப்பு வேண்டாம், அது வேலை செய்கிற கருவி. பார்வையாளர்களுக்குச் சின்னது ஒன்று வைத்திருப்பார்கள். சனியின் வளையம் அதில் போதும். என் பையன் பார்த்துவிட்டு, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்டான்.

அங்கே உடம்புக்கு ஏதாவது என்றால் என்ன செய்வார்கள்?

ஜமுனாமரத்தூர் போன்ற இடங்களில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, சாலை இருக்கிறது. பிரச்சினை அங்கே இல்லை. இருபது முப்பது வீடு கொண்ட குக்கிராமங்கள் மலை மடிப்புக்குள் ஒன்றுக்கொன்று எட்டாமல் கிடக்கின்றன. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 555 பேர். இங்கே ஒரு கூப்பாட்டுக்கு ஓடிவர ஆளில்லாத கொல்லைகள்தான் அதிகம். ஜீப் போகாத இடத்தில் டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும். பீஞ்சமந்தைக்கே ஒடுகத்தூரிலிருந்து முத்துக்குமரன் மலை வழியாகத் தார்ச்சாலை வந்தது சமீபத்தில்தான்.

2023 மே மாதம் அல்லேரி மலைப் பக்கம் அத்திமரத்துக்கொல்லையில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. கீழே கொண்டுவரும் வழியிலேயே இறந்துவிட்டது. உடலைத் திருப்பி எடுத்துப் போகும்போது சாலை முடிந்த இடத்தோடு ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. மீதி வழியைத் தாய் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார்.

வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வைத்தியத்துக்கு வரும் ஊர் வேலூர். அந்தத் தாய் நடந்த இடம் இதே வேலூர் மாவட்டம். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மலையிலிருந்து படித்து வந்தவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2024இல் செய்தியில் வந்த ஸ்ரீபதி நினைவிருக்கும். புலியூரைச் சேர்ந்தவர். 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறினார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் குழந்தை பிறந்தது. பச்சை உடம்போடு காரில் சென்னை போய் எழுதினார். ஏலகிரியில் பள்ளிப் படிப்பு. அந்தச் செய்தி வந்த வாரம் மலையில் ஒரு டீக்கடையில் அவர் படம் வந்த பேப்பரைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள்.

சுற்றிப் பார்க்க என்னவெல்லாம் உண்டு?

ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி, கோமுட்டேரியில் படகு. மழைக்குப் பிறகு போனால்தான் அருவி அருவியாக இருக்கும். கோடையில் ஈரப் பாறை. வேலூரிலிருந்து 25 கி.மீ. தூரத்தில் மலையடிவாரத்தில் அமிர்தி, 1967 முதல் அங்கே சிறிய விலங்குப் பூங்கா. படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணை. ஜலகாம்பாறையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள், அது ஏலகிரித் தண்ணீர். மாவட்ட நிர்வாகம் ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடத்தும். கூட்டம் பிடிக்குமென்றால் போகலாம்.

கரடி இருக்கிறதா?

இருக்கிறது. பலாப்பழ காலத்தில் சாயந்திரம் தனியாக நடக்காதீர்கள்.

வேலூரிலிருந்து எப்படிப் போவது?

பஸ்ஸில் என்றால் போளூர் போய் மாறுவது நிச்சயமான வழி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கி.மீ. காவலூர்தான் குறி என்றால் வாணியம்பாடி, ஆலங்காயம். சொந்த வண்டியில் செங்கம், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஏறலாம். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், செல்போனில் பணம் அனுப்ப சிக்னல் வேண்டும்.

கடைசி பஸ் நேரத்தை இறங்கிய உடனே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இருட்டுவதற்குள் பஸ் போய்விட்டது. புளி ஏற்றிய மினி லாரிக்காரர் ஒருவர், "ஏறுண்ணா, மூட்டை மேல குந்திக்கோ" என்றார். நாற்பது கிலோமீட்டரும் புளி மூட்டை மேல். வளைவுக்கு வளைவு மரக்கிளை தலையில் இடிக்காமல் குனிந்துகொண்டே வந்தேன். போளூரில் இறங்கியபோது சட்டையெல்லாம் புளி வாசனை. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.